போனைப் பிடுங்க மாட்டோம்: தோட்டப்புறப் பள்ளியில் இணையப் பாதுகாப்பு கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை, பள்ளி விடும் மணி அடித்துவிட்டது. ஐந்தாம் ஆண்டு (ஐந்தாம் வகுப்பு) மாணவி ஒருத்தி மட்டும் வகுப்பைவிட்டுப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டினாள், கழற்றினாள், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். வெளியே வேன் அண்ணன் ஹாரன் அடிக்கிறார். "டீச்சர், நம்ம அனுப்புன போட்டோவ நம்ம போன்ல அழிச்சிட்டா, அவங்க போன்லயும் அழிஞ்சிடுமா?" என்று கேட்டாள். யாருக்கு, என்ன படம் என்று நான் கேட்பதற்குள், "அம்மாகிட்ட சொல்லாதீங்க டீச்சர், போனப் புடுங்கிடுவாங்க" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

நல்ல வேளை, அவள் அனுப்பியிருந்தது சீருடையில் எடுத்த சாதாரணப் படம்தான். ஆனால் படத்தை வாங்கிக்கொண்ட ஆள் பதிலுக்கு அனுப்பியிருந்த செய்திகளைப் படித்தபோது அடுத்து எந்த மாதிரிப் படம் கேட்கப் போகிறான் என்பது நன்றாகவே தெரிந்தது. பிள்ளை 3 வாரமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து போயிருக்கிறாள். அந்த ஆளைவிட வீட்டுக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து நாங்கள் செய்து பார்த்து, தவறியதைத் திருத்தி, இப்போது ஆண்டுதோறும் நடத்துவதை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவின் குவாலா சிலாங்கூர் மாவட்டத்தில் செம்பனைகளுக்கு நடுவே உள்ள சிறு பட்டணம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. நூறாண்டு தாண்டியும் சில லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், உள்ளே போன் லைன் (சிக்னல்) கிடைக்காது. பிள்ளைகள் கோயில் வாசலிலோ பெரிய சாலை ஓரத்திலோ போய் நின்று வீடியோ பார்ப்பார்கள். அப்பா அம்மா விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார்கள், இல்லையென்றால் தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவார்கள். மதியம் பள்ளி விட்டால் மாலை வரை பிள்ளைக்குத் துணை ஆயா என்று நாங்கள் கூப்பிடும் பாட்டியும் போனும்தான். இந்த நிலைமையை மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு படியும் அமைந்திருக்கிறது.

படி 1: பிள்ளைகள் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

"எங்கள் பிள்ளைகளிடம் போன் இல்லை" என்று பெற்றோர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளை பெயரில் போன் இல்லை, அவ்வளவுதான். அம்மாவின் போன் இருக்கிறது, அண்ணன் விட்டுப்போன கண்ணாடி உடைந்த போன் இருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து படிக்க வாங்கிய டேப்லெட் இருக்கிறது. சிம் இல்லாத போனுக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கப் பக்கத்து வீட்டு அண்ணன் இருக்கிறார்.

அதனால் கேள்வித்தாள் கொடுக்காமல் படம் வரையச் சொல்லுங்கள். "நீ போன் பார்க்கும் இடத்தை வரை. போன் யாருடையது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், வெளியே வெயிலா இருட்டா என்பதையும் சேர்த்து வரை." பெயர் எழுத வேண்டாம். முதல் ஆண்டு எங்களுக்குக் கிடைத்த படங்களில் பாதிக்கு மேல் போர்வைக்குள் இருந்தன. நிலா வரைந்திருந்தார்கள். ஒரு படத்தில் தாத்தா வாய் திறந்து தூங்குகிறார், பிள்ளை அவர் காலடியில் உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்தில் புள்ளிவிவரம் சொல்வதைவிட இந்தப் படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும், பெற்றோருக்குப் புரிந்துவிடும்.

அதே நேரத்தில் எந்தெந்தச் செயலிகள் என்று வாய்மொழியாகக் கேட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். டிக்டாக், யூடியூப், வாட்ஸ்அப், ரோப்லாக்ஸ், மொபைல் லெஜெண்ட்ஸ், ஃப்ரீ ஃபயர் என்று வரும். டிக்டாக், இன்ஸ்டாகிராம், பேஸ்புக் மூன்றும் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்பவை. தொடக்கப்பள்ளி மாணவர் அத்தனை பேரும் அதற்குக் கீழே. ஆகவே பிள்ளைகள் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டிருப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்கை டிக்டாக் தானாகவே மூடிய கணக்காக வைக்கும், நேரடிச் செய்தி வசதியையும் கொடுக்காது. பிறந்த ஆண்டு 2000 என்று போட்ட பிள்ளைக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது, அவளைப் பெரியவள் என்றே அந்தச் செயலி நினைத்துக்கொள்ளும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே அதிர்ச்சி அடைகிறார்கள். திட்ட வேண்டியதில்லை.

படி 2: முதலில் பெரியவர்கள் ஒரு வாக்குக் கொடுங்கள்

எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். "ஏதாவது நடந்தால் சொல்லு" என்று பிள்ளைக்கு ஆயிரம் முறை சொல்லலாம். சொன்ன பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தி சொன்னாள், போன் போனது, பிரம்படி விழுந்தது, லயம் முழுக்கத் தெரிந்தது என்றால் அந்த வகுப்பில் இன்னொரு பிள்ளை வாய் திறக்காது.

ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் முன்னிலையில் ஒத்துக்கொள்ள வேண்டியவை சில. சொன்ன பிள்ளையின் போனைத் தண்டனையாகப் பறிக்க மாட்டோம். "ஏன் அனுப்பினாய், ஏன் பேசினாய்" என்று தொடங்க மாட்டோம். அறையில் மற்றவர்கள் இருக்கும்போது விசாரிக்க மாட்டோம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் எந்தச் சூழலிலும் வாக்குக் கொடுக்க மாட்டோம், ஏனென்றால் அதைக் காப்பாற்ற முடியாது. அதற்குப் பதிலாக, "உன்னைப் பாதுகாக்க யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் சொல்வேன், சொல்லும் முன் உன்னிடம் தெரிவிப்பேன்" என்று சொல்லுங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இன் 19ஆம் பிரிவுப்படி, இப்படியொரு குற்றம் நடந்ததோ நடக்கப்போவதோ தெரிந்தும் போலீசுக்குத் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். பள்ளிப் பெயர் கெட்டுவிடும், தோட்டத்துக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு விவகாரம் அப்படித்தான் "பேசித் தீர்க்கப்பட்டது". அந்தப் பிள்ளைதான் பள்ளி மாறிப் போனது.

பிள்ளை வந்து சொன்னதும் ஆசிரியர் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை நாங்கள் எழுதியே வைத்திருக்கிறோம்: "நீ சொன்னது நல்லது. தப்பு உன் மேல இல்ல. இப்ப என்ன செய்யலாம்னு சேர்ந்து பாப்போம்." பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாமல் இருக்க இது கைகொடுக்கிறது. சிறிய பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இருப்பதில்லை. ஆகவே பிள்ளைகள் நெருங்கிப் பேசும் ஒரு ஆசிரியையையும் ஒரு ஆசிரியரையும் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரைச் சபைகூடலில் சொல்லிவிடுங்கள்.

படி 3: பாட நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

தனிப் பாடவேளை கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். நலக்கல்வியில் உடல் பாதுகாப்பு வருகிறது, நன்னெறிக் கல்வியில் பொறுப்பும் மரியாதையும் வருகின்றன. தமிழ்மொழிப் பாடத்தில் உரையாடல் எழுதச் சொல்லலாம். கணிதத்தில்கூட, 1 படம் 5 பேருக்குப் போய், ஒவ்வொருவரும் இன்னும் 5 பேருக்கு அனுப்பினால் நான்காம் சுற்றில் எத்தனை பேர் என்று கேட்கலாம். 625 என்று எழுதும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

மாணவர் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2009ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது. அது நமக்குத் தடையே இல்லை. மைலோ டப்பா அட்டையை வெட்டிப் போன் செய்யுங்கள். திரை இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, செய்தியைப் பென்சிலால் எழுதலாம். லைன் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. பள்ளியின் கணினி அறை வேலை செய்தால் கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான டெலிமா கணக்கை வைத்துக் கடவுச்சொல் பாடம் நடத்துங்கள். வகுப்புக்கே ஒரே கடவுச்சொல் என்று கொடுத்து வைத்திருக்கும் பழக்கத்தை முதலில் நாம்தான் மாற்ற வேண்டும். அது நமக்கு வசதி, பிள்ளைக்கோ தவறான முதல் பாடம்.

படி 4: சின்னப் பிள்ளைகளுக்கு 3 பாடம் போதும்

1 முதல் 3ஆம் ஆண்டு வரை பயமுறுத்தும் கதை எதுவும் வேண்டாம். கடவுச்சொல் பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி, யாருக்கும் கொடுக்கக் கூடாது. திரையில் வயிற்றைப் புரட்டும் மாதிரி ஏதாவது வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெரியவரிடம் ஓடு. வீட்டு முகவரி, பள்ளிப் பெயர், அப்பா அம்மா வேலைக்குப் போகும் நேரம் இந்த மூன்றையும் விளையாட்டில் யார் கேட்டாலும் சொல்லாதே. கவிழ்த்து வைப்பதை அட்டைப் போனில் பத்து முறை செய்து பழக்குங்கள். கை பழகிவிட்டால் பயம் வரும் நேரத்தில் தானாக நடக்கும்.

படி 5: "அந்தப் பக்கம் யார்?"

4 முதல் 6ஆம் ஆண்டு வரை நடத்தும் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஐந்து துண்டுத்தாள்களில் ஐந்து பேர் தங்களைப் பற்றி எழுதியிருப்பார்கள். வகுப்பு வாசித்துவிட்டு, எழுதியது யார், என்ன வயது என்று ஊகிக்க வேண்டும். நான்கை மாணவர்களிடமே எழுதி வாங்கினேன். ஐந்தாவதைப் பள்ளித் தோட்டக்கார அண்ணனிடம் கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: "ஹாய், எனக்குப் பூனை ரொம்பப் பிடிக்கும். ரோப்லாக்ஸ் விளையாடுவேன். எங்க அம்மாவும் எப்பவும் திட்டுவாங்க. நீ எந்த ஸ்கூல்?"

வகுப்பே ஒரே குரலில் சொன்னது, இது பொண்ணு, ஐந்தாம் ஆண்டு. "இவகூட பிரெண்டா இருக்கலாமா?" என்று கேட்டேன். எல்லாக் கையும் தூக்கின. அப்புறம் அண்ணனை உள்ளே கூப்பிட்டேன். கையில் விளக்குமாற்றோடு வந்து நின்றார். ஒரு நொடி சிரிப்பு, பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பின் வரிசையிலிருந்து ஒரு பையன் மெல்லக் கேட்டான், "அப்ப எனக்கு டைமண்ட் தரேன்னு சொன்னவன் யாரு டீச்சர்?"

அங்கிருந்து பாடம் தானாக நகரும். இப்படிப்பட்டவர்கள் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். அதைக் கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள். முதலில் புகழ்வார்கள். பிறகு விளையாட்டுக்கான டைமண்டோ ரோபக்ஸோ டாப் அப்போ கொடுப்பார்கள். "உன் அம்மாவுக்கு உன்னைப் புரியவில்லை" என்று வீட்டாரிடமிருந்து பிரிப்பார்கள். விளையாட்டிலிருந்து வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்வார்கள். "நமக்குள்ள இருக்கட்டும்" என்பார்கள். அப்புறம் படம், வீடியோ கால், சந்திப்பு. "ரகசியம்" என்ற வார்த்தை வந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் பெரியவரிடம் வா என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

இப்படிச் சிறாரை வசப்படுத்துவதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம், 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். நேரில் தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. 18 வயதுக்குக் குறைந்த எல்லாரையும் இந்தச் சட்டம் காக்கிறது. மலேசியாவைப் பற்றி யுனிசெஃப், சிறார் மீதான பாலியல் சுரண்டலை எதிர்க்கும் எக்பாட் அமைப்பு, இண்டர்போல் மூன்றும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், இணையம் பயன்படுத்தும் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 4 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இணையவழிப் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். 25 பேர் உள்ள வகுப்பில் ஒருவர்.

ஒரு எச்சரிக்கை. முகம் தெரியாதவரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவர் தெரிந்த அண்ணனாக, மாமாவாக, ஹாட்ஸ்பாட் கொடுப்பவராகவும் இருக்கலாம். தோட்டத்தில் எல்லாரும் உறவுமுறை வைத்தே கூப்பிடுகிறோம். "மாமா" என்று கூப்பிட்டாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

படி 6: படம் பற்றிய பாடம்

கரும்பலகையில் ஒரு செம்பருத்தி வரைந்த தாளை ஒட்டுங்கள். எல்லாரும் நோட்டில் பார்த்து வரையட்டும். முடித்ததும் உங்கள் தாளைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, "பூ போய்விட்டதா?" என்று கேளுங்கள். என்னிடம் கேட்ட அந்த மாணவியின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பாடம் இங்கேயே முடிந்தால் ஏற்கெனவே அனுப்பிவிட்ட பிள்ளை நொந்துபோகும். வகுப்பில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எண்ணியே பேசுங்கள். அனுப்பியாகிவிட்டாலும் வழி இருக்கிறது என்பதை அதே பாடவேளையில் சொல்லியாக வேண்டும். மிரட்டுபவருக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுக்காதே, கொடுத்தால் நிற்காது, கூடும். உரையாடலை அழிக்காதே, அதுதான் சாட்சி. பெரியவரிடம் வா. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் அந்தரங்கப் படங்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023இலிருந்து இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. அந்தப் படத்துக்கென ஒரு எண் அடையாளம் நம் போனிலேயே உருவாகி அது மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், பேஸ்புக், டிக்டாக் போன்ற தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் மாதிரி மூடிய உரையாடலுக்குள் இது எட்டாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது ஆசிரியர்களுக்கு. அப்படிப்பட்ட படம் ஒன்று உங்கள் பார்வைக்கு வந்தால் அதை உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும், சிறார் ஆபாசப் படத்தை வைத்திருப்பதே அதே சட்டத்தின் 10ஆம் பிரிவில் குற்றம். 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையின் மானத்தை நாமே இன்னொரு முறை ஊர்வலம் விடுகிறோம் என்பது அதைவிடப் பெரிய காரணம். படம் இருக்கும் போனை அப்படியே மூடிவைத்துப் போலீசிடம் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். எழுதி வைக்க வேண்டியது கணக்கின் பெயர், எண், தேதி, நேரம் மட்டும்.

படி 7: பணம், அதாவது தாத்தாவின் பணம்

தோட்டக் குடும்பங்களில் பத்து வயதுப் பிள்ளைதான் வீட்டின் எழுத்தர். மலாயிலோ ஆங்கிலத்திலோ செய்தி வந்தால் தாத்தா பேரனைத்தான் கூப்பிடுவார். அப்படியென்றால் தாத்தாவின் சேமநிதிப் பணத்துக்குப் பேரனும் காவல்காரன். இந்தப் பொறுப்பைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், அதனால் இந்தப் பாடம் எப்போதும் நன்றாகப் போகிறது.

மூன்று வகையைக் காட்டினால் போதும். 'கல்யாணப் பத்திரிகை' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு. பத்திரிகை என்றால் படமாகவோ வீடியோவாகவோ வரும். போனில் புதிதாக எதையோ நிறுவச் சொன்னால் அது பத்திரிகை இல்லை. அதை நிறுவிவிட்டால் போனுக்கு வரும் குறுஞ்செய்தியெல்லாம் அவர்கள் கைக்குப் போகும், பின்னாலேயே வங்கிக் கணக்கும் போகும். அடுத்தது அரசாங்க உதவித்தொகை எஸ்டிஆர் பெயரில் வரும் போலி இணைப்பு. மூன்றாவது, உங்கள் போனுக்கு வரும் 6 இலக்க எண்ணைத் "தவறி அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு" என்று தெரிந்தவர் கணக்கிலிருந்தே கேட்பது. அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் வாட்ஸ்அப் அவர்களுடையது. அப்புறம் உங்கள் பெயரில் உங்கள் அத்தையிடம் கடன் கேட்பார்கள்.

பணம் போய்விட்டால் உடனே 997. தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் இது. வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நிமிடங்களில் தாவிவிடும். பணம் அனுப்பும் முன்பே அந்த வங்கிக் கணக்கு எண்ணையோ போன் எண்ணையோ போலீஸ் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இடைநிலைப்பள்ளியில் படிவம் 4, 5 படிக்கும் அண்ணன்மார் இருக்கும் வீடுகளில் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஏடிஎம் அட்டையை மாதம் சில நூறு வெள்ளிக்கு யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால், நீதிமன்றத்தில் நிற்பது அட்டைக்குச் சொந்தக்காரர்.

படி 8: வகுப்புக் குழுவில் நடக்கும் பகடிவதை

ஆசிரியர் இல்லாத இன்னொரு வகுப்புக் குழு வாட்ஸ்அப்பில் எப்போதும் இருக்கும். ஒருவர் முகத்தை ஸ்டிக்கராக்கி ஒட்டுவது, நிறத்தையும் அப்பாவின் வேலையையும் சொல்லிக் கேலி செய்வது, ஒருவரை மட்டும் நீக்கிவிட்டுப் பேசுவது எல்லாம் அங்கேதான். 2024இல் டிக்டாக்கில் தொடர்ந்து வந்த வசையைத் தாங்க முடியாமல் நம் சமூகத்துப் பெண் ஒருவர் உயிரை விட்டார். வசைபாடியவர்களில் ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் மட்டுமே விதிக்க முடிந்தது என்று நாடே கொதித்தது. அதன் பிறகுதான் 2025இல் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கெனப் புதிய பிரிவுகள் சேர்ந்தன. இந்தச் செய்தியை 6ஆம் ஆண்டுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

பிள்ளைகளிடம் வேலை செய்வது வேடிக்கை பார்ப்பவரைப் பற்றிய பேச்சு. கேலி செய்பவர் ஒருவர், கேலிக்கு ஆளாகிறவர் ஒருவர், மற்ற இருபது பேர் சிரிப்பு முகத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். "நீ தட்டாமல் இருந்தால் என்ன ஆகும்? அவளுக்குத் தனியாக 'நீ ஓகேயா' என்று ஒரு செய்தி அனுப்பினால்?" என்று கேட்டு, அட்டைப் போனில் அந்தச் செய்தியை எழுத வையுங்கள்.

படி 9: பெற்றோர் கூட்டம், ஆனால் சரியான நேரத்தில்

முதல் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்கு வைத்தோம். வந்தவர்கள் 9 பேர். அந்த நேரத்தில் பாதிப் பேர் காட்டில் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். குறை எங்கள் மேல்தான். இப்போது ஞாயிறு காலை, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில். ஒரு பானை தேநீர், ஒரு மணி நேரம், சொற்பொழிவு கிடையாது.

வருபவர்களை ஐந்தைந்து பேராக உட்கார வைத்து, போனைக் கையில் எடுக்கச் சொல்லி, அங்கேயே மாற்றிக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அக்கவுண்ட் பகுதிக்குள் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு 6 இலக்க எண் வைத்தல். பிரைவசி பகுதியில் குரூப்ஸைத் தெரிந்தவர் மட்டும் சேர்க்கலாம் என்று மாற்றுதல். முகப்புப் படத்தையும் அப்படியே. கூகுள் ஃபேமிலி லிங்க் இருந்தால் பிள்ளை புதிய செயலி ஏற்ற அம்மாவின் அனுமதி தேவைப்படும், இரவில் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும். பெரிய பிள்ளைக்கு டிக்டாக் இருந்தால், பெற்றோர் கணக்கோடு அதை இணைக்கும் ஃபேமிலி பேரிங். 6ஆம் ஆண்டு மாணவர் இருவர் மேசைக்கு ஒருவராக நின்று உதவட்டும், பெற்றோர் அவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்பார்கள். பட்டணத்தில் அரசாங்கத்தின் சமூக இணைய மையமான நாடி மையம் இருந்தால் அங்கிருந்தும் ஆள் அழைக்கலாம்.

போன் இரவில் எங்கே சார்ஜ் ஏறுகிறது என்பது எந்தச் செயலியையும்விட முக்கியம். சாமிப் படத்துக்குப் பக்கத்திலுள்ள பிளக்கில் என்று ஒரு அம்மா சொன்னார். இப்போது பல வீடுகளில் அதுதான் இடம்.

அப்புறம் அந்த வாக்கு. ஆசிரியர்கள் கொடுத்த அதே வாக்கைப் பெற்றோரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "நீயா வந்து சொன்னா போனப் புடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன்." சில அப்பாக்களுக்கு இது எளிதில் வராது. ஒருவர் எழுந்து, "அப்ப தப்பு பண்ணா கண்டிக்கவே கூடாதா டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கண்டிக்கலாம் அண்ணே, நேரக் கட்டுப்பாடும் வைக்கலாம், ஆனால் உதவி கேட்டு வந்த அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

படி 10: ஏதாவது நடந்துவிட்டால் முதல் நாள்

பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். ஒரே ஒருவர் பேசட்டும். திரும்பத் திரும்பக் கதை சொல்ல வைக்காதீர்கள், அந்த வேலை போலீசுடையது. சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதி, தேதி நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். தலைமையாசிரியருக்குச் சொல்லி, பெற்றோரை நேரில் வரவழைத்து, பிள்ளை இல்லாத அறையில் முதலில் பெற்றோரை அமைதிப்படுத்துங்கள். சந்தேகப்படும் ஆள் வீட்டிலேயே இருந்தால் வீட்டுக்குச் சொல்லும் முன் போலீசுக்கோ சமூகநல இலாகாவுக்கோ சொல்ல வேண்டும். அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, 019-2615999 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் கேட்கலாம். போலீஸ் புகார் கொடுக்கப் போகும்போது பெற்றோருடன் ஆசிரியர் ஒருவரும் போங்கள். மலாய் சரளமாக வராத அம்மா காவல் நிலையத்தில் தனியாக நிற்கக் கூடாது. ஆதாரம் எடுத்த பிறகே அந்தக் கணக்கைத் தடுக்க வேண்டும். மறுநாள் பிள்ளை வகுப்புக்கு வரும்போது எல்லாரும் போல நடத்துங்கள்.

படி 11: படிவம் ஒன்றுக்கு முன்

தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போதுதான் பல பிள்ளைகளுக்குச் சொந்தப் போன் கிடைக்கிறது. புது பள்ளி, புது மொழி, புது நண்பர்கள், கூடவே புது போன். ஆண்டிறுதியில் தேர்வு முடிந்து பள்ளி மூடும் வரை இருக்கும் வாரங்களில் 6ஆம் ஆண்டுக்கு எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறோம். கடைசி வகுப்பில் சிறு அட்டை ஒன்று கொடுக்கிறோம், போன் உறைக்குள் வைக்கும் அளவு. ஒரு பக்கம் அவசர எண் 999, அதோடு 997, 15999. மறுபக்கம் இரண்டு கோடு. ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாய் என்று இரண்டு பெரியவர்களின் பெயரைப் பிள்ளையே எழுத வேண்டும்.

சென்ற முறை ஒரு பையன் முதல் கோட்டில் ஆயா என்று எழுதிவிட்டு, இரண்டாவதில் தோட்டக்கார அண்ணன் என்று எழுதியிருந்தான். அவனிடம் கேட்டுவிட்டு அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து, பிள்ளை வந்து சொன்னால் தான் முதலில் என்ன சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, மூன்று எண்ணையும் தன் போனில் பதிந்துகொண்டு வேலைக்குப் போனார்.